பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேரலாமா?

பிளஸ் டூ மதிப்பெண் வந்த வாரத்தில் தேனி, தென்காசி, அரியலூர், தருமபுரிப் பக்கத்து வீடுகளில் நடக்கும் பேச்சு அநேகமாக ஒன்றுதான். பிள்ளையைச் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்புவதா, டவுன் பஸ் ஏறினால் அரை மணியில் போய்விடக்கூடிய கல்லூரியிலேயே சேர்த்துவிடுவதா? மாமா ஒன்று சொல்வார், டியூஷன் சார் ஒன்று சொல்வார், போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டு அக்கா வேறொன்று சொல்வாள். யாரும் பொய் சொல்வதில்லை. ஆளுக்கொரு கல்லூரியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். போன்ற மூன்றாண்டுப் படிப்புக்கு, அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ பக்கத்து ஊரில் இருந்து, நீங்கள் விரும்பிய பாடம் கிடைத்து, அந்தத் துறையில் பாடம் நடத்த ஆசிரியர்கள் இருந்தால் தயங்காமல் சேருங்கள். ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பதைச் சேர்வதற்கு முன் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்கான வழியைத்தான் சொல்கிறது. பொறியியலுக்குக் கணக்கு வேறு, அது பின்னால் வருகிறது.

எந்த வகைக் கல்லூரி?

சிற்றூர்க் கல்லூரி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தாலுகா ஊர்களில் திறக்கப்பட்ட அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள். இவற்றில் பல, ஏதாவது ஒரு அரசுப் பள்ளிக் கட்டடத்தின் நாலைந்து அறைகளில் நாலைந்து பாடப்பிரிவுகளோடு தொடங்கியவை. சொந்தக் கட்டடம் பிறகுதான் வரும். ஆய்வகம் அதற்கும் பிறகு வரும். பி.ஏ. தமிழ், பி.காம். போன்ற பாடங்களுக்கு இது பெரிய குறையில்லை. வேதியியலோ இயற்பியலோ எடுக்கிறவர்கள் மட்டும் ஆய்வகத்தைக் கண்ணால் பார்க்காமல் சேரக் கூடாது. இளநிலைப் படிப்புக்கு அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், இதர கட்டணம் என்று சிறு தொகைதான் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகை, பழைய அரசு உதவி பெறும் கல்லூரிகள். தஞ்சைக்குப் பக்கத்தில் பூண்டி புஷ்பம் கல்லூரியும், கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியும் 1956-இல் தொடங்கியவை. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இல் வந்தது. இவையெல்லாம் வந்த பிறகுதான் அந்தந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு முதல் பட்டதாரி கிடைத்தார். நகரத்துப் பெயர்போன கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கூச்சப்பட இவற்றுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இத்தகைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே வாசலுக்குள் இரண்டு கல்லூரி இருக்கும். ஒன்று எய்டட் பிரிவு, மற்றது செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவு. பாடம் ஒன்று, பட்டம் ஒன்று, கட்டணம் மட்டும் பல மடங்கு மாறும். எய்டட் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது, மற்றவருக்கு உங்கள் கட்டணத்திலிருந்து நிர்வாகம் தருகிறது. "சீட் இருக்கு" என்று அலுவலகத்தில் சொன்னவுடன் மகிழ்ந்துவிடாமல், "எய்டடா, செல்ஃபா?" என்று கேளுங்கள். ரசீது வாங்கும்போது அதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.

மூன்றாவது வகை, பைபாஸ் ஓரத்தில் கண்ணாடி முகப்போடு நிற்கும் முழுத் தனியார் கல்லூரிகள். இவற்றில் நல்லவை இல்லாமல் இல்லை. ஆனால் நகரத்துத் தனியார் கல்லூரிக்கும் இதற்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், பக்கத்தில் இருப்பது ஒன்றை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

தனி ரகமான சிலவும் உண்டு. திண்டுக்கல் அருகே காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகம் 1956-இல் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. திருவேடகம் விவேகானந்தா கல்லூரி 1971-இல் வைகைக் கரையில் ஆண்களுக்கென்று குருகுல முறையில் உருவானது. அங்கே எல்லாரும் விடுதியில்தான். இத்தகைய இடங்களைச் சிற்றூர் என்று கழித்துவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றியும் ஒரு பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி என்றால் கேள்வித்தாளும் பல்கலைக்கழகத்தினுடையது, விடைத்தாள் திருத்துவதும் பல்கலைக்கழகம்தான். ஆலங்குளம் அரசு மகளிர் கல்லூரியில் படித்தாலும், திருநெல்வேலி நகரத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் படித்தாலும், பட்டத்தை வழங்குவது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் நீங்கள் எந்த ஊர்க் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் கேட்கும். இந்த வித்தியாசம் நிஜம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

நேரில் போய்ப் பார்ப்பது

நாக் மதிப்பீடு, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை எல்லாம் பாருங்கள், தவறில்லை. ஆனால் அவை கல்லூரி முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கப்படுபவை. சிறிய கல்லூரியில் உங்களுக்குக் கல்லூரி என்பது உங்கள் துறைதான். அந்த நாலைந்து ஆசிரியர்கள் முகத்தில்தான் மூன்று வருஷமும் விழிக்கப் போகிறீர்கள். பெரிய கல்லூரியில் ஒருவர் சரியில்லையென்றால் மற்ற பத்துப் பேர் ஈடுகட்டுவார்கள். இங்கே இரண்டு பேர் சரியில்லையென்றால் பாதித் துறை போயிற்று.

அட்மிஷன் நாளில் போனால் ஒன்றும் தெரியாது. அன்று பந்தல் போட்டு, மேஜை போட்டு, தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்கார வைப்பார்கள். வகுப்பு நடக்கிற சாதாரண வேலை நாளில், காலை பதினொரு மணிவாக்கில் போக வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போதே, கல்லூரிகளில் செமஸ்டர் நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் ஒருநாள் போய்வருவது உத்தமம். அப்பாவோ அம்மாவோ ஒருவர் கூடப் போகட்டும்.

முதலில் துறை இருக்கும் வராண்டாவில் நடந்து பாருங்கள். எத்தனை வகுப்பில் ஆசிரியர் நிற்கிறார், எத்தனை வகுப்பில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். "காலேஜ் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்குண்ணே" என்பதுதான் பதிலாக வரும். கேள்வி இப்படி இருக்க வேண்டும்:

"தம்பி, நேத்து எத்தனை பீரியட் நடந்துச்சு?"

"மூணு நடந்துச்சுண்ணே. மத்த ரெண்டுக்கும் சார் வரல."

"நேத்து மட்டும் வரலையா?"

"இல்லண்ணே, அந்த ரெண்டு பேப்பருக்கும் ஆளே போடல. பக்கத்து டிபார்ட்மெண்ட் மேடம் எப்பவாச்சும் வந்து நோட்ஸ் குடுப்பாங்க."

நாக் அறிக்கையில் தேடினாலும் இது கிடைக்காது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடந்து, கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் பல துறைகள் ஓடுகின்றன. அதனால் மட்டும் ஒரு துறையை மட்டமென்று நினைக்க வேண்டாம். முனைவர் பட்டமும் நெட், செட் தகுதியும் வைத்துக்கொண்டு, நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் சிலர், ஓய்வை எண்ணிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பேராசிரியரைவிட உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துவார்கள். நிரந்தரமா தற்காலிகமா என்று கணக்கெடுப்பதைவிட, ஐந்து பீரியடில் எத்தனைக்கு ஆள் வருகிறது என்று பார்ப்பது மேல்.

அடுத்து நூலகம். உங்கள் பாடத்தின் அலமாரியிலிருந்து நாலைந்து புத்தகங்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். திருப்பித்தர வேண்டிய தேதியை முத்திரை குத்திய சீட்டு ஒட்டியிருக்கும். கடைசி முத்திரை போன மாதத்தினுடையதா, எட்டு வருஷத்துக்கு முந்தையதா? எல்லாமே கம்ப்யூட்டர் மயம், சீட்டே கிடையாது என்றால், மேலட்டையில் விரலை ஓட்டுங்கள், தூசி சொல்லிவிடும். வேதியியல் ஆய்வகத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் லேப் என்றால் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எத்தனை ஓடுகிறது என்று கேளுங்கள். பெண் பிள்ளையோடு போயிருந்தால் அம்மா கழிப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள், மூன்று வருஷம் அவஸ்தைப்படுவது பிள்ளைதான்.

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை இருக்கும். அங்கே ஒரு டீ நேரம் நில்லுங்கள். எந்தத் துறைப் பிள்ளைகள் பாடநூல் பக்கங்களை நகலெடுக்கிறார்கள், எந்தத் துறைப் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் வந்து ஐந்து வருஷக் கேள்வித்தாளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கடைக்காரருக்கு அத்துப்படி.

மீதி நேரமும் மீதிப் பணமும்

பல அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை உண்டு. காலை ஷிப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். மாலை ஷிப்ட் மதியம் தொடங்கிச் சாயங்காலம் வரை போகும். எந்த ஷிப்ட் என்று சேரும்போதே கேளுங்கள், ஏனென்றால் வீட்டுக்குப் போகும் கடைசி பஸ் அதைப் பொறுத்தது. ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து, ஆறேகால் மினி பஸ்ஸை விட்டால் ஏழரைக்குத்தான் அடுத்தது என்னும் ஊர்கள் எத்தனையோ. பெண்களுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. பஸ் இலவசம்தான், நேரத்துக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒருநாள் கல்லூரி நேரத்துக்கு அந்த பஸ்ஸிலேயே போய்த் திரும்பிப் பாருங்கள்.

காலை ஷிப்ட் கிடைத்தவர்களுக்கு மதியத்துக்கு மேல் முழுசாகக் கையில் இருக்கிறது. சிற்றூர்க் கல்லூரியின் பெரிய லாபமாக நான் நினைப்பது இந்த மதியத்தைத்தான். பெரிய நஷ்டமும் இதுவாகவே ஆகிவிடலாம். ஊரில் தட்டச்சுப் பயிலகம் இருந்தால் முதலாண்டிலேயே சேர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் இளநிலை, முதுநிலை முடித்துவிடலாம். குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்கு அது வேண்டும். என்.சி.சி. இருக்கும் கல்லூரியென்றால், பெரிய நகரக் கல்லூரியைவிட இங்கே இடம் கிடைப்பது எளிது. மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ் வாங்கினால் சீருடைப் பணிகளுக்குப் போகிறவர்களுக்கு அது கைகொடுக்கும். இப்படி ஒன்றுமில்லாமல் பஸ் ஸ்டாண்டிலும் போனிலும் மதியம் கழிகிற பிள்ளை என்று உங்களுக்கே உங்களைப் பற்றித் தெரிந்தால், நாலரை மணி வரை வகுப்பில் கட்டிப்போடும் கல்லூரியாகப் பார்ப்பது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணக் கணக்கைத் தாளில் எழுதிப் போடுங்கள். நகரத்தில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 6,000 என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்குப் பத்து மாதம், மூன்று வருஷத்தில் 1,80,000 ஆகிறது. கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் இதற்கு மேல். அந்தத் தொகையை முதுகலைக்கோ பி.எட்.டுக்கோ போட்டித் தேர்வுப் பயிற்சிக்கோ வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். பட்டப்படிப்பைப் பக்கத்திலும் முதுகலையை நகரத்திலும் முடிக்கும் வழியைத்தான் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பேன்.

சில தனியார் கல்லூரிகளின் விளம்பரத் தட்டியில் "மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது அரசு தருவது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று தொடங்கி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது நீண்டிருக்கிறது. தகுதி உள்ளவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வரும் பணத்தைச் சொல்லி யாரும் உங்களை இழுத்துக்கொள்ள விடாதீர்கள்.

சேர்ந்த பிறகு மாற்ற முடியாத இரண்டு

ஒன்று, பயிற்று மொழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 சட்டத்தில் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கு உரிய கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற குரூப் 4-க்கு உங்கள் பள்ளிப் படிப்பு போதும். பட்டம் கேட்கும் குரூப் 1, குரூப் 2-க்குப் பட்டமும் தமிழ்வழியில் வேண்டும். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, கௌரவத்துக்காக ஆங்கிலவழி பி.ஏ. வரலாறு எடுத்து இதைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆங்கிலவழி வகுப்பிலும் பாடம் தமிழில்தான் நடந்திருக்கும். தமிழ்வழிப் பிரிவுகள் அரசுக் கல்லூரிகளில்தான் அதிகம். இந்த ஒரு காரணத்துக்காகவே தாலுகா ஊர் அரசுக் கல்லூரியை நகரத்துத் தனியார் கல்லூரிக்கு மேலே வைக்கலாம்.

மற்றொன்று, பட்டத்தின் பெயர். கேட்கக் கவர்ச்சியாக ஒரு பாடப்பெயர் இருந்தால், அது பழைய பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஆசிரியர் தேர்விலோ டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பிலோ போய் நிற்கும்போது பிரச்சினை வரும்.

யார் நகரத்துக்குப் போக வேண்டும்?

சென்னை லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப் போன்ற இடங்களில் எய்டட் பிரிவில் சீட் கிடைக்கும் அளவு மதிப்பெண் இருந்தால் போங்கள். அரசு மாணவர் விடுதிகள் அந்த ஊர்களில் உண்டு, வருமான வரம்புக்குள் இருந்தால் விண்ணப்பியுங்கள். சி.ஏ. படிக்க நினைப்பவர்கள் பெரிய ஆடிட்டர் அலுவலகங்கள் உள்ள ஊரில் இருப்பது நல்லது. விஸ்காம் படிப்பவர்களுக்கும் அப்படித்தான், ஸ்டூடியோ இருக்கும் ஊரில்தான் தொழில் கண்ணில் படும். ஆனால் நகரத்துப் பெயர் தெரியாத கல்லூரி, செல்ஃப் ஃபைனான்ஸ் கட்டணம், வெளியில் விடுதி என்று மூன்றும் சேர்ந்தால், சென்னையில் இருந்தோம் என்பதைத் தவிர மூன்று வருஷ முடிவில் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது.

பொறியியலுக்கு நான் சொல்வது இதற்கு நேர் எதிர். வீட்டு வாசலுக்குக் கல்லூரி பஸ் வருகிறது என்பதற்காகச் சிற்றூர்ப் பொறியியல் கல்லூரியில் சேராதீர்கள். ஒவ்வொரு கலந்தாய்விலும் இடம் நிரம்பாத கல்லூரிகள் கணிசம். நிரம்பாத கல்லூரியில் பாடப்பிரிவுகள் மூடப்படுகின்றன, ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பார்க்காமல் விருப்பப் பட்டியல் போடக் கூடாது. விதிவிலக்கு அரசுப் பொறியியல் கல்லூரிகள். காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி 1952-இலிருந்து இருக்கிறது. பர்கூரில் 1994-இல் ஒன்று வந்தது. ஊர் சிறிதென்று இவற்றைத் தள்ளுகிறவர் தன் கட் ஆஃபை வீணாக்குகிறார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. "பக்கத்தில் என்றால் படி, இல்லையென்றால் வேண்டாம்" என்று சொல்லும் வீடுகளில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒரு பெரிய கதவு. அந்த நிலையில் மேலே சொன்ன குறைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் சேருங்கள் என்றுதான் பெண்ணிடம் சொல்வேன். ஆனால் அவள் எடுத்திருக்கும் மதிப்பெண்ணுக்கு நல்ல எய்டட் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்குமென்றால், தூரத்தைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள். அதே மதிப்பெண் எடுத்த மகனை நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் கணக்கு. மொத்தத்தில் பின்தங்கித் தமிழில் மட்டும் உயர்ந்த மதிப்பெண் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள்.

தனியார் கல்லூரிகள் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே அட்மிஷனைத் தொடங்கிவிடும். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு முடிவுக்குப் பிறகுதான் நடக்கும். இந்த இடைவெளியில் "சீட் போயிடும்" என்று அவசரப்படுத்தி அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். சரிபார்த்துவிட்டு அசலை உடனே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. நகல்களை மட்டும் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழை, எங்கே சேர்வது என்று உறுதியாக முடிவு செய்யும் நாள் வரை வீட்டிலேயே வைத்திருங்கள்.